ஆறு நிமிட வஞ்சம்

சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் இருபத்தாறு வருடமாகத் துணி வெட்டியவளை எல்லோரும் கட்டிங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் போனபிறகு கூடத்தை நடத்தியது கொழுந்தன். ஆனால் வெட்டுமேஜை அவளுடையது. அதில் யாரும் கைவைத்ததில்லை.

அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த மூன்றாம் நாளே கொழுந்தன் அந்த மேஜையைத் தன் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டான். "இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அண்ணி. மூச்சு விட்டா போதும்," என்று சொல்லிச் சிரித்தான். நோய் கொடுத்த பயத்தையே அந்தச் சிரிப்பு தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்துவிடலாம், ஆனால் உடம்பு தாங்க வேண்டும் என்றார் டாக்டர். ஆறு நிமிடத்தில் நானூறு மீட்டர் நடந்தால்தான் கத்தி வைப்பாராம். முதல் சோதனையில் அவள் முந்நூற்றுப் பத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிசியோதெரபிப் பெண் ஐந்து வாரம் கெடு கொடுத்தாள்: தினமும் நடை, படியேற்றம், மூச்சுப் பயிற்சி.

கூடத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அடுத்த டெஸ்டுக்கு நீங்கதான் தம்பி துணைக்கு வரணும்." அத்தனை பேர் பார்க்கும்போது அவனால் மறுக்க முடியவில்லை.

நடக்க அவள் தேர்ந்தெடுத்தது கூடத்து ஜன்னலை ஒட்டிய நீளத் தாழ்வாரம்.

"பார்க்குல நல்ல காத்து வருமேம்மா," என்றாள் மகள்.

"காத்து வரும். உங்க சித்தப்பா மூஞ்சி வருமா?"

தன் தையல் டேப்பாலேயே இருபது மீட்டர் அளந்து சாக்பீஸில் கோடு போட்டாள். ஒவ்வொரு நடையிலும் ஜன்னலுக்குள் பார்ப்பாள். மச்சினன் துணியில் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் காலரை வெட்டிக் குதறிக்கொண்டிருப்பான். அதைப் பார்த்ததும் கால் வேகம் பிடிக்கும். கொழுந்தன் ஜன்னலுக்குத் திரை போட்டான். திரைக்கு நேரே வந்ததும் தொண்டையைச் செருமிவிட்டுப் போனாள்.

ஆனால் எவ்வளவு கறுவினாலும் ஆறு நிமிடத்தில் பத்தொன்பது நடைக்கு மேல் போகவில்லை. இன்னும் ஒன்று வேண்டும். அவன் கண்ணெதிரே தோற்கப்போகிறோம் என்ற நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

சோதனை நாளில் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறியதும் பிசியோதெரபிப் பெண் கொழுந்தனைப் பார்த்து, "பேஷண்ட் நீங்களா சார்? உக்காருங்க," என்றாள். அவன் மூச்சிரைக்க உட்கார்ந்தான். கட்டிங்கக்காவுக்கு அதுவே பாதித் தெம்பு.

நடந்தாள். நானூற்று எட்டு.

"தாழ்வாரத்துல பத்தொன்பது தடவதானே வந்துச்சு," என்று விழித்தாள். டேப்பை எப்படி வைத்து அளந்தாள் என்று அந்தப் பெண் கேட்க, காற்றில் செய்து காட்டும்போதுதான் பிடிபட்டது. டேப்பை நகர்த்தி வைக்கும் ஒவ்வொரு இடத்திலும், தையலுக்கு விடுவதுபோல, நாலு விரற்கடை கூடுதலாக விட்டிருந்தது கை. தாழ்வாரத்து இருபது மீட்டர் இருபத்தொன்றை நெருங்கியிருந்தது.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்.

"மேஜை முன்னால நின்னு துணி வெட்ட எத்தன நாளாகும்மா?" என்று பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டாள்.

"எல்லாம் நல்லா போனா மூணு மாசம்."

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல? உங்க மச்சினன்கிட்ட சொல்லிடுங்க."

"மொதல்ல ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும் அண்ணி."

"அது பாட்டுக்கு முடியும். இப்பவே சொல்லுங்க, போன்ல."

அவன் அங்குமிங்கும் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினான். அவளுக்கு இன்னும் மேல்மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், உட்காரவில்லை.

"ஸ்பீக்கர்ல போடுங்க தம்பி," என்றாள்.