தனுஷ்கோடி ஜெட்டி

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் எஞ்சின் விட்ட புகை மூக்கில் ஏறியதும், கூட வந்தவர்களை மறந்து, புயல் கொண்டுபோவதற்குச் சில வருஷங்கள் முந்தைய தனுஷ்கோடியில் போய் நின்றுவிட்டேன். எத்தனையோ ஊர்களில் குடியிருந்திருக்கிறேன். பிடித்த இடம் எது என்று யார் கேட்டாலும் அங்கே கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியைத்தான் சொல்வேன். தண்டவாளம் கடல்வரை ஓடி நிற்கும்; ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் நாலெட்டு நடந்து தலைமன்னார் கப்பலில் ஏறுவார்கள்; கரிப்புகையும் கருவாட்டு வாசனையும் உப்புக்காற்றோடு கலந்து என் பாவாடையில் ஒட்டிக்கொள்ளும். அய்யாவுக்கு ஸ்டேஷனில் வேலை என்பதால் பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன்.

ஒருமுறை, இலங்கையில் சித்தியின் பிரசவத்துக்குப் போயிருந்த அம்மா திரும்பும் நாளில் பெருங்காற்று கிளம்பிவிட்டது. வரவேண்டிய நேரம் தாண்டியும் கப்பலைக் காணோம். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அய்யா, "வந்துரும் தாயி, வந்துரும்" என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாயப்போகும்போதுதான் கப்பல் ஆடி ஆடி வந்து ஒதுங்கியது.

வாந்தியெடுத்துத் துவண்டுபோய் இறங்கிய அம்மா என்னைக் கண்டதும், "இங்கன எதுக்குடி காத்துல நிக்கிற? தலையக்கூட சீவாம!" என்று வைதாள். அந்த வசவைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அய்யா அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார். "வையி, இன்னும் நல்லா வையி."