வாங்கில் இருந்த கோல்கீப்பர்

ஒஸ்லோவின் கீழ்ப்பிரிவு உதைபந்தாட்ட அணி ஒன்றில் வருடக்கணக்காக நான் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது, மைதான ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் குந்தியிருக்கும் வாங்கில் இருப்பவன். முதலாவது கோல்கீப்பருக்கு ஒரு தடிமன் காய்ச்சலாவது வர வேண்டாமா? கல்லுப் போல நின்றான், பாவி. பயிற்சிகளில் உறைந்த செயற்கைப் புல்லில் விழுந்து விழுந்து முழங்காலை உரித்தது நான். ஆட்டத்தன்று இறங்குவது அவன்.

“முப்பதும் தாண்டீட்டுது, இன்னும் பந்தடியே?” என்பார் அம்மா. அப்பா அப்படியில்லை. பஸ் ஓட்டுகிறவர், வார இறுதிகளில் அவருக்கு வேலை, ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடியவும் போன் எடுப்பார். “தம்பி, இண்டைக்கு இறக்கினவங்களே?”

“இல்லை அப்பா.”

“சரி, அடுத்தமுறை பாப்பம்.”

இந்த இலையுதிர் காலத்தில் பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். அடுத்த பருவத்துக்கு இளம் பொடியன் ஒருவன் வருகிறானாம், எனக்கு இனி இடமில்லையாம். பரிசு போல ஒன்றையும் சொன்னார்: கடைசி ஆட்டத்தில் நீதான் நிற்கிறாய். நான் நன்றி வேறு சொன்னேன், மடையன். ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, கடைசி ஆட்டத்தில் இறங்குகிறேன் என்பதை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசி ஆட்டத்தன்று எல்லோருக்கும் முதல் போய்க் கையுறை மாட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றேன். மத்தியஸ்தரும் வந்துவிட்டார். எதிரணியைக் காணவில்லை. அவர்கள் ஏற்கெனவே தோற்றுத் தோற்று அடுத்த கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்ட அணி; பதினொரு பேரைச் சேர்க்க முடியவில்லை என்று கடைசியில் போன் வந்தது. விதிப்படி வராத அணிக்குத் தோல்வி, எங்களுக்கு மூன்றுக்குப் பூச்சியம் என்று வெற்றி. பொடியன்கள் கூக்குரலிட்டுக்கொண்டு உடை மாற்ற ஓடினார்கள். எங்களுக்குள்ளேயே பிரிந்து அரை மணித்தியாலம் விளையாடுவோமா என்று பயிற்சியாளரைக் கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே வலைகளை அவிழ்த்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு பந்து, ஒரேயொரு பந்து என் கைக்கு வந்திருக்கக் கூடாதா?

மைதானத்தை விட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. அப்பா.

“டேய் தம்பி! தேத்தண்ணிப் பிறேக்கிலை நிண்டு போனிலை முடிவு பாத்தனான். மூண்டுக்குச் சைபர்! ஒரு கோலும் விடேல்லையே நீ!” “ஸ்தவாங்கரிலை இருக்கிற சித்தப்பாவுக்கும் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன்.”

“ஓம் அப்பா,” என்றேன்.

“பிழை என்ரைதான், வந்திருக்கவேணும். அடுத்த வருசம் இப்பவே லீவு கேட்டு வைக்கிறன். முதல் மட்ச்சுக்கே வாறன், என்ன?”