ரோதமுனிய இடுப்புல தூக்கின நானா

ஸம்சுதீன் நானாவ யாராச்சும் "சாமி மாதிரி மனுசன்"னு சொன்னா அவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். "அஸ்தஃபிருல்லாஹ்! வாயக் கழுவுங்க புள்ள!"ம்பாரு. அதனால நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடந்தத மட்டும் சொல்றேன், நீங்க என்னமும் நெனச்சுக்குங்க.

எங்க பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரத்தான் நானாம்போம். இவரு மாவனல்லைக்காரரு. தொண்ணூத்தி நாலாம் வருசம் எங்க தோட்டத்து டீ ஃபேக்டரிக்கு மெசின் பாஸா வந்தாரு. மெசின் பழுதானா அத அவருதான் பாக்கணும். குட்டையான ஆளு, தொண்டை மட்டும் பெருசு. ரம்புக்கனையில ஒரு கராஜுல வேல பழகினவராம். மெசினத் தட்டிக் குடுத்து, "என்ன மாமி, இன்னைக்கும் கோவமா?"ன்னு கேப்பாரு. அதுவும் கடகடன்னு ஓட ஆரம்பிக்கும். என் மாமியாகிட்ட அப்படிக் கேட்டுப் பாத்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

எங்க ஃபேக்டரியில ரோதமுனி இருக்காரு. ரோதைன்னா சக்கரம். அந்தப் பெரிய சக்கரமும் பெல்ட்டும் யாரையும் இழுத்துடாம காவல் காக்குற சாமி. பாத்தா கல்லுதான், கைப்புள்ள ஒசரம். அதுக்கு மஞ்சள், குங்குமம், செவப்புத் துணி, வெள்ளிக்கெழமைக்குத் தேங்கா. பூச வைக்கிறவரு ஏழுமலை அண்ணன். அவரத் தவிர வேற யாரும் அந்தக் கல்லத் தொட மாட்டாங்க. பொம்பளைங்க கிட்டவே போகக் கூடாது. ஃபேக்டரிக்குப் பெரியவரான சிங்கள டீமேக்கர் மாத்தயா கூட காலையில அங்க ஒரு பத்தி கொளுத்திட்டுத்தான் சாவியத் தொடுவாரு.

நானா வந்த மொத நாளே அங்க போயி நின்னாரு. ஏழுமலை அண்ணன் முறைச்சுப் பாத்தாரு. நானா செருப்பக் கழட்டி ஓரமா வச்சாரு. "அண்ணன், நான் ஒங்கட சாமியக் கும்பிட மாட்டேன். எங்கட மார்க்கத்துல அது இல்ல. ஆனா ஒங்கட எடத்துல செருப்போட நிக்கவும் மாட்டேன்"னாரு. பூசப் பொங்கலும் வேணாம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. அண்ணனுக்கு மொதல்ல சுருக்குன்னுச்சு. பொறகு வெள்ளிக்கெழமை ஆனா, பூசைக்கு வைக்கிறதுக்கு முந்தியே ஒரு சீப்பு வாழப்பழத்த நானாவுக்குன்னு தனியா எடுத்து வைக்க ஆரம்பிச்சாரு. நானாவும் வாங்கி, தோல உரிச்சு, "ஆஹா!"ன்னு சாப்புடுவாரு.

ஆனா ஒரு விசயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்தே வரல்ல. ரோதைய நிறுத்த ஒரு இரும்புத் தடி உண்டு. அத முழுசா அந்தப் பக்கம் தள்ளினா பெல்ட்டு நழுவி, ரோதை நின்னுடும். ஏழுமலை அண்ணனோட தம்பி அந்த ரோதையில மாட்டித்தான் செத்தாரு. அதுக்குப் பொறகு வருசா வருசம் ஆடிப் பூசைக்குப் பீடத்துல ஒரு வரிச செங்கல் ஏத்துவாங்க. சாமி ஒசரமா இருந்தா நல்லா பாத்துக்குவாருன்னு ஒரு நம்பிக்க. ஏத்தி ஏத்தி, கடைசியில சாமி தடி போற வழியிலயே வந்து நின்னுட்டாரு. தடி பாதிதான் போகும். மெசின நிறுத்தணும்னா பின்னால எஞ்சின் ரூமுக்கு ஓடணும்.

"அண்ணன், சாமிய ரெண்டு அடி தள்ளி வைங்க"ன்னு நானா கெஞ்சினாரு.

"சாமியத் தள்ளுறதா? நீங்க மெசினப் பாருங்க நானா, சாமிய நான் பாத்துக்குறேன்"னாரு அண்ணன். டீமேக்கரும் வாயத் தொறக்கல்ல. யாருக்குத் தைரியம் வரும்? எனக்கும்தான் பயம். அந்தப் பக்கம் கூட்டப் போனாலே கண்ணத் தாழ்த்திக்குவேன். பயமும் இருக்கும், ஒருக்கா திரும்பிப் பாக்கணும்னும் இருக்கும்.

தொண்ணூத்தி எட்டு, ஆடி மாசம். ரோலரச் சுத்திச் செதறின கொழுந்தக் கூட்டிக்கிட்டு இருந்தேன். இடுப்புல கட்டின சாக்குத்துணியோட நுனி பெல்ட்டுல மாட்டிருச்சு. அத உருவப் போனேன், வலது கை உள்ள போயிருச்சு. "ஐயோ அம்மா!"ன்னு கத்தினது மட்டும் தெரியும். டீமேக்கர் எஞ்சின் ரூமுக்கு ஓடுறாரு. அவரு போய்ச் சேர்றதுக்குள்ள என் கை தோளோட போயிருக்கும்.

நானா ஒரே தாவு தாவினாரு. "தொடாதீங்க நானா! தொடாதீங்க!"ன்னு ஏழுமலை அண்ணன் அலறினாரு. நானா காதுலயே வாங்கல்ல. ரோதமுனிய அப்படியே வாரித் தூக்கி, புள்ளையத் தூக்குற மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டு, மத்தக் கையால தடியத் தள்ளினாரு. பெல்ட்டு நழுவுச்சு. ரோதை நின்னுச்சு. அதுக்குப் பொறகு எனக்கு நெனப்பு இல்ல.

கை ரெண்டு எடத்துல ஒடஞ்சிருந்துச்சு. ஒடஞ்சா என்ன, கை இருக்குல்ல!

ஆஸ்பத்திரிக்கு நானாவும் அவரு பொஞ்சாதி உம்மு குல்தூமும் கஞ்சி கொண்டு வந்தாங்க. அந்த அம்மா ஊட்டிவிட்டாங்க. நானா வாசப்பக்கமா நின்னாரு. நான் கேட்டேன், "நானா, கல்லத் தூக்கி அந்தாண்ட எறிஞ்சிருக்கலாமே. எதுக்கு இடுப்புல வச்சுக்கிட்டுக் கஷ்டப்பட்டீங்க?"

"கல்லுன்னு நெனச்சுத்தான் புள்ள தூக்கினேன். தூக்கின பொறகு கீழ போட கை கேக்கல்ல. எத்தன பேரு அழுது கும்பிட்டு நின்ன எடம் அது. எனக்கு அது சாமி இல்ல. ஆனா சும்மா கல்லுன்னும் சொல்ல ஏலாமப் போச்சு"ன்னாரு. சொல்லிட்டு, தப்பா ஏதும் பேசிட்டமோன்னு பொஞ்சாதியப் பாத்தாரு. அந்த அம்மா, "ஒரு உசிரக் காப்பாத்தினீங்க. அல்லாவுக்குத் தெரியாதா?"ன்னு சொல்லிக்கிட்டே எனக்கு இன்னொரு கரண்டி கஞ்சி ஊட்டினாங்க.

அங்க ஃபேக்டரியில என்னடான்னா வேற கத. சாமியத் தொட்டது குத்தம், நானா இனி உள்ள வரக் கூடாதுன்னு பேசி, அவர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு நானா ஒரு சாக்க மடிச்சு அது மேல எறக்கி வச்ச கல்லு, வச்சது வச்ச மாதிரியே கெடந்துச்சு. ஏழுமலை அண்ணனுக்கே அதத் தொட பயம். எங்க வழக்கத்துல, ரோதையில அடிபட்டவங்க பொழச்சு வந்து சொல்ற வாக்குத்தான் சாமி வாக்கு. விஜயகலா, அதான் நான், வரட்டும், அவ சொன்ன பொறகு முடிவு பண்ணலாம்னு இருந்துட்டாங்க. நான் என்னத்தச் சொல்றேனோ, அதுலதான் நானாவோட பொழப்பு இருந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கட்டு அவுத்த அடுத்த வெள்ளிக்கெழமையே போனேன். நானாவையும் வரச் சொல்லி ஆள் விட்டேன். அவரு வாசலுக்கு வெளிய நின்னாரு. எல்லாரும் கூடி நின்னாங்க. ஏழுமலை அண்ணன் சூடம் கொளுத்தி, "சொல்லு தாயி, சாமிக்கு என்ன கொற?"ன்னு கேட்டாரு.

"சாமிக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணே. இத்தன வருசமா அந்தப் பீடத்துல நின்னுக்கிட்டு, 'என்னைய எறக்குங்கடா, வழிய மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்'னு அவரு தவிச்சிருக்காரு. நம்ம யாருக்கும் கேக்கல்ல. நம்ம பயம் நம்ம காத அடைச்சுருச்சு. அந்த மனுசன் இடுப்பக் குடுத்தாரு, சாமி ஏறிக்கிட்டாரு. என்னையக் காப்பாத்த சாமிக்கு வேற இடுப்பு கெடைக்கல்ல. இப்ப அவர வராதேன்னு சொன்னா, சாமிய வராதேன்னு சொல்ற மாதிரி!"

ஏழுமலை அண்ணன் அந்தத் தடியவே பாத்துக்கிட்டு நின்னாரு. தம்பிய நெனச்சாரோ என்னமோ, பொலபொலன்னு கண்ணீர் வந்துருச்சு. நேரா வாசலுக்குப் போயி நானாவோட கையப் புடிச்சாரு. "எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க நானா"ன்னாரு. நானா செவுத்தோரமா ஒரு எடத்தக் காட்டினாரு. "நீங்களே வைங்க"ன்னு அண்ணன் சொன்னதுக்கு, "அது ஒங்கட வேல அண்ணன், என்னைய மாட்டி விடாதீங்க"ன்னு ரெண்டு அடி பின்னால போனாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கடைசியில அண்ணன் என்னையக் கூப்புட்டாரு, "நீ ஒரு கை புடி தாயி." நான் புடிச்சேன். அந்தத் தோட்டத்துல ரோதமுனியத் தொட்ட மொதப் பொம்பள நான்தான்.

வச்சு முடிச்சதும் ரோதைய ஓட விட்டாங்க. "இப்ப தடியத் தள்ளுங்க புள்ள"ன்னாரு நானா. தள்ளினேன். முழுசாப் போச்சு. ரோதை நின்னுச்சு, ஃபேக்டரியே கப்சிப்புன்னு ஆயிருச்சு. அந்த அமைதியில எல்லாரும் தன்னால கை எடுத்துக் கும்பிட்டாங்க, டீமேக்கர் மாத்தயாவும்தான். நானா மட்டும் தலையக் குனிஞ்சு, உள்ளங்கை ரெண்டையும் விரிச்சு, வாய்க்குள்ள என்னமோ சொன்னாரு.

நானும் கும்பிட்டேன். கட்டு அவுத்த வலது கை மெதுவா மேல வந்து இடது கையோட சேந்துச்சு. கல்லுக்கும் நானாவுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு யாரக் கும்பிட்டேன்னு எனக்கே தெரியல்ல. நானா அதப் பாத்துட்டு, "புள்ள, அங்கிட்டு! சாமி அங்கிட்டு!"ன்னு கைய ஆட்டினாரு.

"எங்கிட்டா இருந்தா என்ன நானா"ன்னு அழுதுக்கிட்டே சொன்னேன். "கும்பிட எனக்கு ரெண்டு கை இருக்கே!"