மடத்துக் குசினிச் சுவர்

ஒஸ்லோத் துறைமுகத்தில் படகேறினால், ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் ஹூவெதோயாத் தீவு வந்துவிடும். அங்கே புல் வெட்டுவதுதான் அம்மருட் பகுதியில் இருக்கும் சிறீஸ்கந்தராசாவின் தொழில். புல்லுக்கு நடுவே ஒரு பழைய மடம் இடிந்து கிடக்கிறது. 1147இல் இங்கிலாந்தின் கேர்க்ஸ்டெட் மடத்திலிருந்து துறவிகள் கப்பலேறி வந்து கட்டியது. நிலம், காடு, மீன்பிடி என்று நன்றாகவே சேர்த்தார்கள். துறவிகளுக்கு எதற்கு இவ்வளவு என்று அந்தக் காலத்திலும் யாராவது முணுமுணுக்காமலா இருந்திருப்பார்கள்? 1532இல் மடம் கொள்ளைபோய் எரிந்தது. கல்லையும் எதிர்க்கரைக் கோட்டை வேலைக்கு ஏற்றிப்போனார்கள். சில ஆண்டுகளில் இங்கிலாந்துத் தாய்மடத்தையும் அரசன் ஒழித்துவிட்டான். அந்தச் செய்தி இங்கே வந்திருந்தாலும் கேட்க ஆளில்லை.

சிறிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் பெரிய விஷயமில்லை. அவருக்கு மடம் என்றால் காற்றுப்படாத ஒரு மூலை. துறவிகளின் குசினி, சமையற்கட்டு, இருந்த இடத்தில் இடுப்பளவுச் சுவர் ஒன்று மிச்சமிருக்கிறது, மத்தியானப் பாண் ரொட்டியை அதில் குந்தியிருந்துதான் தின்பார். எண்பதுகளில் ஊரைவிட்டு வந்து, வடக்கே வார்தோவில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவர். வார்தோக் குளிரில் விறைத்த விரல்நுனிகளுக்கு இன்றைக்கும் உணர்ச்சி திரும்பவில்லை.

2009 ஏப்ரல் கடைசியில் அந்தச் சுவரில் இருக்கும்போதுதான் லண்டனிலிருந்து ஞானரட்ணம் தொலைபேசி எடுத்தார். தூரத்து உறவு.

"சிறி, மனதைத் திடப்படுத்து. வன்னியிலை ஷெல் விழுந்து உன்ரை தம்பி சச்சி செத்துப்போட்டான். சிவநாயகிக்கு இப்ப சொல்லிப்போடாதை."

சிறி பாணைத் தின்று முடித்தார். மிச்சப் புல்லையும் வெட்டினார். அழுகை வரவில்லை. மனைவிக்குத் தெரியக்கூடாது என்பது மட்டும் மண்டைக்குள் நின்றது. சிவநாயகிக்கு மாசியில்தான் இருதய ஒப்பரேஷன் நடந்தது. அவள் கலியாணம் முடித்து சிறியின் வீட்டுக்கு வந்தபோது சச்சிதானந்தன் அரைக்காற்சட்டைப் பையன். அவள் கையால் தின்று வளர்ந்தவன்.

மறைப்பது லேசில்லை. செத்தவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு வந்தால் ஒரு மாதம் மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் தொடக்கூடாது, சாமிக்கு விளக்கு ஏற்றக்கூடாது. என்ன சாட்டுச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அங்கே பூசணிக்காயும் பருப்பும். இனிக் கொஞ்ச நாளைக்கு மரக்கறிதான், டொக்டர் சொன்னவர் என்றாள் சிவநாயகி. முழங்கால் நோகுது என்று விளக்கும் ஏற்றவில்லை. பிள்ளையாரே இறங்கி வந்து உதவுகிறார் என்று நினைத்தார் சிறி. மனுசன் அவ்வளவு மக்கு.

மே மாதம் சிவநாயகியின் தங்கை இந்திரா, வெயில் எறிக்குது, தீவுக்குப் போவோம் என்று இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். குசினிச் சுவருக்குக் கிட்டப் புல்லில் அடுப்பை மூட்டிக் கோழிக்கால் வாட்டினாள்.

"இந்தாங்கோ அத்தான்."

"எனக்கு வேண்டாம் பிள்ளை."

"அக்கா, நீங்கள்?"

"எனக்கும் வேண்டாம்."

இந்திராவுக்குச் சிரிப்பு. "இஞ்சை இருந்த சாமிமார் மச்சம் தொடமாட்டினமாம், பலகையிலை எழுதிக் கிடக்கு. நீங்கள் ரெண்டுபேரும் அவையோடை சேர்ந்திட்டியளோ?"

சமாளிக்கலாம் என்று சிறி மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் சொன்னது அவளுக்கு. கோழி என்றால் விடாத மனுசன் ஏன் வேண்டாம் என்கிறார்?

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

"ஏப்ரல் கடைசி. உமக்கு?"

"எனக்கும் அண்டைக்குத்தான். லண்டன் யோகாம்பாள் அக்கா எடுத்தவ. உங்கடை பிரஷருக்குத் தாங்காது, சொல்லாதை எண்டவ."

"அவவின்ரை மனுசன் என்னட்டையும் அப்பிடித்தான் சொன்னவர்."

ஒரு வீட்டில் இரண்டு தொலைபேசி இருந்தால் இப்படித்தான். லண்டனிலிருந்து புருஷன் இங்கே ஒருவரின் வாயைக் கட்டினார், பெண்சாதி மற்றவரின் வாயைக் கட்டினாள். இருவரும் ஒரே மேசையில் இருந்து ஒரே பூசணிக்காயைத் தின்று, ஒரே சாவுக்குத் தனித்தனியே துடக்கு அனுசரித்திருக்கிறார்கள்.

"ஆர் அக்கா? சச்சியோ?" என்றாள் இந்திரா. சிவநாயகி தலையாட்டினாள்.

இனி அழலாம், மறைக்க ஆளில்லை. அழுகை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. படகு ஒன்று ஊதிக்கொண்டு போனது.

சிவநாயகி எழும்பி, இந்திராவின் கையிலிருந்த கடதாசித் தட்டை வாங்கிச் சுவரில் வைத்தாள். எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததை, மச்சமானாலும், சமைத்துப் படைப்பது ஊர் வழக்கம்.

"அவனுக்கு எட்டும் செய்யேல்லை" என்றாள்.

பிறகு தட்டைக் கிட்டக் குனிந்து பார்த்தாள். "தோலோடை வைச்சால் தொடமாட்டானே."

உரிக்கப்போனவள் சூடு பொறுக்காமல் கையை உதறினாள்.

"இஞ்சை விடும்" என்றார் சிறி. கோழிக்காலைக் கையிலெடுத்தார். அவருடைய விரல்களுக்குச் சூடு தெரியவில்லை. தோலைக் கொஞ்சமும் விடாமல் உரித்துத் தம்பிக்கு வைத்தார்.