பனியன் நாடாவில் எடுத்த அளவு

மர வேலைக்கு வேண்டிய பலகை, பசை, உளி, ரம்பம் விற்கிற கடைக்குப் பெண்கள் அதிகம் போக மாட்டார்கள். நான் போனேன். திருப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த அந்தக் கடைக்குப் பதினோரு வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தபோது நடந்தது இது.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனிகளுக்குக் கட்டிங் டேபிள் செய்து கொடுப்பவர். துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிற நீள மேஜை அது. சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கிப்போனது. கை மங்கவில்லை. தடவிப் பார்த்தே இழைப்பார், தடவிப் பார்த்தே பசை போட்டு ஒட்டுவார். டவுனுக்குத் தனியாகப் போய்வரத்தான் முடியாது. சாமான் வாங்குகிற வேலை என்னிடம் வந்தது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். டேப்பில் அங்குலம் தெரியும். அங்குலத்துக்கு நடுவில் இருக்கிற பொடிக் கோடுகள், ஆசாரிமார் நூல் என்று சொல்வது, அது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அதனால் அளவுக்குக் குச்சி கொண்டு போவேன். மூங்கிலைப் பிளந்து, எந்த இடத்துக்குப் பலகை வேண்டுமோ அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, சரியாக அந்த நீளத்துக்கு நறுக்கிக்கொள்வேன். கடையில் அந்தக் குச்சியை வைத்து வெட்டித் தருவார்கள். ஒருநாளும் தப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வருகிற ஆண்பிள்ளைகள் தப்பாக வெட்டி வாங்கிக்கொண்டு போய் மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல மரியாதை தெரிந்தவர். நான் படியேறினால் போதும், நாற்காலி வந்துவிடும், பின்னாலேயே டீ வரும். பலகை அறுக்கிற மிஷினில் நின்றவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதலில் குடோனில் பலகை சுமந்துகொண்டிருந்தாராம். தோள்பட்டை இறங்கிப்போய்க் கட்டுப் போட்டு, இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்ன பிறகு மிஷினுக்கு வந்தவர். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க மாட்டார். வெட்டிய பலகையைக் கொடுப்பதற்கு முன்னால் தூளை ஊதிவிட்டு, தன் துண்டால் ஒரு தரம் துடைத்துத்தான் கொடுப்பார். வேறு எந்தக் கடையிலும் அப்படித் துடைத்துக் கொடுத்து நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு இருபதடி மேஜை ஒன்று வேலையில் இருந்தது. எட்டடிப் பலகை இரண்டு போட்டபின் நடுவில் நாலடிக்குக் கொஞ்சம் முன்பின்னாக மிச்சம். மைக்கா ஒட்டிய பலகை அது. கைரம்பத்தில் அறுத்தால் ஓரம் சிதறும் என்பதால் மிஷினில்தான் வெட்ட வேண்டும். இடம் கச்சிதமாக அடைய வேண்டும். சந்து விட்டால் துணி இழுக்கும்போது அதில் மாட்டும், கம்பெனிக்காரர் மேஜையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

குச்சி நறுக்கிக்கொண்டு எங்கள் ஊர் பூண்டி ஸ்டாப்பிங்கில் பஸ் ஏறப்போனால், கண்டக்டர் குறுக்கே கை வைத்தார்.

"ஏனுங்கம்மா, கொடிக்கம்பமெல்லாம் கும்பல்ல ஏத்த முடியாதுங்க. யாரு கண்ணையாச்சும் குத்திப்போடும்."

அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி வீட்டுக்கு நடந்தேன். வாசலில் பனியன் நாடா கிடந்தது. கம்பெனியில் துணி வெட்டும்போது ஓரத்தில் கழிகிற நீளத் துண்டு. எங்கள் பக்கம் அது இல்லாத வீடு கிடையாது. கொடி கட்ட அது, கோழிக் கூண்டு கட்ட அது, தூக்குப்போசிப் பாத்திரத்துக்குப் பிடி கட்ட அது. ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறு முனையை வெடுக்கென்று இழுத்து, குச்சி நீளத்துக்கு இரண்டு முடிச்சுப் போட்டேன். ஆசாரிமார் கோடு போட நூல் கயிறு பிடிக்கிற மாதிரி இழுத்துப் பிடித்தால்தான் அளவு கோணாது என்று நினைப்பு.

கடையில் ஆசாரிமார் நாலைந்து பேர் டீக் குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் மடியிலிருந்து நாடாவை எடுத்ததும் ஒருவர் சிரித்தார்.

"அம்மிணி குச்சிய ஊட்டுல வெச்சுப்போட்டு இன்னைக்குக் கோவணத்தோட வந்துட்டாங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். "உங்களுக்கு வேணும்னா கட்டீட்டுப் போங்க, இல்லாதவிங்களுக்குத்தான் ஒதவும்" என்று நானும் கொடுத்தேன். மறுபடி சிரிப்பு. ஆனால் எனக்கு முகம் சுட்டது.

மிஷின்காரர் நாடாவை வாங்கிப் பலகைமேல் மெதுவாக நீவி விட்டார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தவர் நிறுத்தினார்.

"ஏம்மா, இது இழுத்து வச்சு எடுத்த அளவா, சும்மா விட்டு எடுத்த அளவா? பனியன் துணில்லா, நீளும்லா."

அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஆனால் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். குச்சி அளவு தப்பாது என்று பேர் வாங்கியவளிடம் அளவைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

"அளவு அளவுதானுங்க. முடிச்சுக்கு முடிச்சு வெட்டுங்க" என்றேன்.

அவர் வெட்டினார். ஊதினார், துடைத்தார், கொடுத்தார்.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து மேஜையில் வைத்தால் இரண்டு விரல் குறைச்சல். என் வீட்டுக்காரர் சந்தில் விரலை விட்டுப் பார்த்தார். மூன்று நாளில் மேஜை கம்பெனியில் இருக்க வேண்டும்.

இரவெல்லாம் கோபத்தை வளர்த்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குச்சியையும் எடுத்துக்கொண்டு, கும்பல் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறி, கடைக்குப் போனேன். நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை. குச்சியைக் கல்லாமேல் கிடத்தினேன்.

"பதினோரு வருசமா உங்க கடைக்கு வாறனுங்க தம்பி. ரெண்டு விரக்கடை கம்மியா வெட்டிக் குடுத்திருக்கறாரு உங்க ஆளு. இதுதானுங்களா லட்சணம்?"

கடைக்காரர் மிஷின்காரரைக் கூப்பிட்டார். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நான் கேட்டேன்லா மொதலாளி. இழுத்த அளவா விட்ட அளவான்னு கேட்டேன். அம்மாதான் அளவு அளவுதான்னு சொன்னாங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அன்றைக்கும் ஆசாரிமார் நின்றார்கள், கோவணம் என்று சொன்னவரும் நின்றார்.

"எங்கிட்ட ஆரும் ஒண்ணும் கேக்கலீங்க" என்றேன்.

மிஷின்காரர் துண்டை உதறி இடது தோளில் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். தரையில் இருந்த மரத்தூளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. "சரிங்க, போங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, புதுப் பலகையை எடுத்துத் தன் கையாலேயே என் குச்சியை வைத்துக் கோடு போட்டு, வேறு ஆளை விட்டு வெட்டச் சொன்னார். காசு வாங்கவில்லை. கடை வண்டியிலேயே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். "மனசுல வெச்சுக்காதீங்கம்மா. இனி மிஷின்ல அவரு நிக்க மாட்டாருங்க" என்றார். நான் டீக் குடித்தேன்.

பலகை கச்சிதமாக அடைந்தது. வேலை முடிந்து, பசை காயக் கட்டுப் போடுவதற்கு என் வீட்டுக்காரர் கயிறு கேட்டார். கையில் இருந்த அந்த முடிச்சுப் போட்ட நாடாவை நீட்டினேன். அவர் முடிச்சைத் தடவினார். இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"இதுலயா புள்ள அளவு கொண்டுட்டுப் போன?"

"ம்."

"இழுத்தா நீளும்னு தெரியாதா உனக்கு? இந்த ஊருல பொறந்தவதான?"

"தெரியுமுங்க" என்றேன்.

"அந்த ஆளு கேக்கலியா?"

நான் பசை டப்பாவை மூடி எடுத்து வைத்தேன். கண் தெரியாதவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. ஆனால் அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒரு வாரம் தள்ளி, பசை வாங்குகிற சாக்கில் போனேன். கடைக்குப் பின்புறம் குடோன். மிஷின்காரர் இரண்டு பலகையை இடது தோளில் தூக்கிக்கொண்டு லாரியிலிருந்து இறங்கிவந்தார். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் "வாங்கம்மா" என்றார், எப்போதும் சொல்கிற மாதிரியே. பலகையைச் சாய்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நீங்க கேட்டீங்க. நாந்தான் இல்லைன்னு சொல்லிப்போட்டனுங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வர எவ்வளவு நேரமானது என்று அவருக்குத்தான் தெரியும். அவ்வளவு நேரமும் அவர் நின்றார்.

"எங்கிட்ட சொல்லி என்னம்மா செய்ய? நான் கேட்டது எனக்குத் தெரியும். அவங்கட்ட சொல்லுங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. லாரிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

குடோனுக்கும் கல்லாவுக்கும் இருபது தப்படி தூரம் இருக்கும். நடந்தேன். கல்லாவில் மூன்று ஆசாரிமார் நின்றார்கள். "வாங்கம்மா, என்ன வேணுங்க?" என்றார் கடைக்காரர். நாற்காலி வந்தது.

"பசை ரெண்டு டப்பா" என்றேன். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு இரண்டு மூன்று வாரம் எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டேன். உப்புத்தாள் தீர்ந்தபோது போகவேண்டியதாயிற்று. இந்தத் தரம் முதலில் குடோனுக்குப் போகவில்லை. நேராகக் கல்லாவுக்குப் போனேன். கடை நிறைய ஆள் இருந்தது. அந்தக் கோவணத்து ஆசாரியும் இருந்தார். இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"தம்பி, அன்னைக்குப் பலகை கம்மியானது என்னோட தப்புங்க. நாடாவை இழுத்துப் புடிச்சு அளவெடுத்துப்போட்டன். உங்காளு கேட்டாரு. கேக்கலைன்னு நான் பொய் சொன்னனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் பில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார்.

"அதையேனுங்கம்மா இப்ப. அவரு போன வாரமே கணக்கு முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டாருங்க. தோளு முடியலைன்னாரு."

"எந்த ஊருங்க?"

"தெக்கத்தி ஊருங்க. வேற தெரியாது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவரு கேட்டிருப்பாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. கேக்காம வெட்டற ஆளில்லை அவரு. ஆனா அத்தனை பேரு முன்னால, பதினோரு வருசமா வாறவிங்க பேச்ச எப்படிங்க பொய்யின்னு சொல்றது? கடைன்னா அப்படித்தானுங்களே. விடுங்க, உக்காருங்க, டீ சொல்றன்."

நான் தெரிந்தே பொய் சொன்னேன். அவரும் தெரிந்தேதான் நம்பினார். எனக்குச் செய்த மரியாதை அது. நான் கோபத்தில் வந்து நின்றபோது அவர் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது. அப்படியிருந்தும் பழியைக் கடைக்காரர்மேல் தள்ளப் பார்க்கிறேனோ என்றும் தோன்றும். மிஷின்காரர் தோளில் பலகை ஏறக் காரணம் என் வாய்தான்.

உட்காராமல் உப்புத்தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகும் அந்தக் கடைக்கே போனேன், வேறு கடையில் அந்த மைக்காப் பலகை கிடைக்காது. மிஷினுக்கு வேறொருவர் வந்திருந்தார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் குச்சியோ டேப்போ நாடாவோ, எது கொடுத்தாலும் வாங்குவார், கோடு போடுவார், வெட்டுவார். எதையும் கேட்பதில்லை. ஒருநாள் நானே சொன்னேன், "சந்தேகம் இருந்தாக் கேளுங்க, நான் கோவிச்சுக்க மாட்டனுங்க."

அவர் மிஷினை நிறுத்தாமலே சிரித்தார்.

"வேண்டாமுங்கம்மா. இங்க அதெல்லாம் கேக்கக்கூடாதுன்னு சொல்லித்தானுங்க வேலைக்குச் சேத்தாங்க."