முழுக் கொத்து விமர்சனம்

தொலைக்காட்சிக்காரர்கள் அந்தத் தொடரைக் கதவு பாதி திறந்த நிலையில் நிறுத்திவிட்டார்கள். சுங்க அதிகாரியான கதாநாயகி மாதக்கணக்காக ஒரு கடத்தல்காரனைத் துரத்தி, கடைசியில் துறைமுகத்தில் ஒரு கொண்டெய்னரின் பூட்டை உடைக்கிறாள். கதவு கிறீச்சிடுகிறது. அவள் கண்கள் விரிகின்றன. மறுநாள் அதே நேரத்தில் ஒரு அம்மையார் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். சமையல் நிகழ்ச்சியாம்.

கொழும்பில் இதனால் பாதிக்கப்பட்ட நாங்கள் கொஞ்சப் பேர் கைபேசியில் ஒரு குழு தொடங்கி, மீதிக் கதையை ஆளுக்கொரு விதமாக எழுத ஆரம்பித்தோம். பிறருடைய கதையின் ஆட்களை எடுத்து ரசிகர்கள் தாங்களே தொடர்ந்து எழுதுவது உலகம் முழுக்க நடக்கிற காரியம் என்பது பிறகுதான் தெரிந்தது. வெள்ளவத்தையில் நாங்கள் கண்டுபிடித்தது என்றே நான் நினைத்திருந்தேன்.

குழுவை நடத்தியவர் கல்கிசையில் இருந்த, அம்மா வயதுள்ள ஒரு அன்ரி. எவருடைய மனமும் நோகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதற்காக ஒரு சட்டம் வைத்திருந்தார்: யார் எதை எழுதினாலும், வாசித்தவர் முதலில் மூன்று நல்ல விஷயம் சொல்ல வேண்டும், பிறகு ஒரு ‘கருத்து’ சொல்லலாம். மூன்று நல்லதையும் சொல்வதற்குள் எல்லோரும் களைத்துப்போய்க் கருத்தை விட்டுவிடுவார்கள். சூப்பர், செம, கண் கலங்கிட்டுது. அவ்வளவுதான் விமர்சனம்.

நான் கணக்கியல் பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, கதாநாயகியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இடமாற்றம் செய்து, அத்தியாயம் அத்தியாயமாக எழுதித் தள்ளினேன். குழுவில் என் கதைக்குத்தான் அதிக இதயங்கள் விழுந்தன. ஆனால் அன்ரி காலையில் அனுப்பும் ரோசாப்பூப் படத்துக்கும் அதே ஆட்கள் அதே இதயங்களைப் போடுவதை ஒருநாள் கவனித்தேன். அன்றிலிருந்து உறுத்தல். அந்தக் கொண்டெய்னருக்குள் என்ன இருந்தது என்று கடைசி அத்தியாயத்தில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோரும் அதற்காகவே காத்திருந்தார்கள். ஒருமுறை ஏமாந்தவர்களை நானும் ஏமாற்றினால் கத்தரிக்காய்க்காரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருத்தி குழுவில் சேர்ந்தாள். என் வயதுதான். சட்டம் படித்துவிட்டு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சியில் இருந்தாள். என் பன்னிரண்டாவது அத்தியாயத்துக்கு அன்ரியின் சட்டப்படி, ஒரு எழுத்தும் பிசகாமல், இப்படி எழுதினாள்:

“ஒன்று, எழுத்துப்பிழை இல்லை. இரண்டு, நீளம் இல்லை. மூன்று, மேலே போட்ட படம் வடிவு. கருத்து: கதை இல்லை.”

குழு கொதித்தது. அவளுடைய வரிகளைப் படம் பிடித்து ஆளுக்காள் அனுப்பிக்கொண்டார்கள். அன்ரி அவளை ஒரு வாரம் பேசாமல் இருக்கச் சொன்னார். நான் இராச்சாப்பாடு வரை கோபமாக இருந்தேன். சாப்பிட்டு முடித்த கையோடு அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன்: கதை ஏன் இல்லை என்று சொல்ல முடியுமா?

இனி எதையும் எழுத்தில் தரமாட்டாளாம். நேரில் வந்தால் சொல்வாளாம்.

சனிக்கிழமை காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். அவள் வீட்டு மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட ஏறினால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். ஆகவே முதல் கேள்வி அங்கிருந்தே வந்தது.

“உம்மட கடத்தல்காரன் ஓட்டோவில போர்ட்டுக்குள்ள போறான். கேற்றில பாஸ் கேக்கேல்லையா?”

“அவனுக்கு அங்க ஆளைத் தெரியும்.”

“ஆரை?”

“அது முப்பதாவது அத்தியாயத்தில வரும்.”

“நீர் இன்னும் பன்னிரண்டில நிக்கிறீர்.”

அவள் ஒன்று சொன்னால் நான் மூன்று பதில் சொன்னேன். மழை ஏன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் பெய்கிறது என்றாள். மழை ஒரு குறியீடு என்றேன். ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்றாள். வாழ்க்கை அப்படித்தானே என்றேன். ஒரு மணித்தியாலத்தில் அந்த ஓட்டோ கேற்றைத் தாண்டவில்லை.

அப்போது மீன் ரோல்ஸ் வந்தது. நான் ஒரு பெரிய கடி கடித்தேன். சூடு. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் திண்டாடிய நேரத்துக்குள் அவள் அடுக்கடுக்காக நாலு குறை சொல்லி முடித்துவிட்டாள். சொல்லிவிட்டு என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இனி இப்பிடித்தான். உம்மட வாய்க்குள்ள சாப்பாடு இருக்குமட்டும் நான் கதைப்பன். முடிஞ்சா நிப்பாட்டிடுவன். அதுக்குப் பிறகு நீர் கதையும்.”

சட்டம் படித்தவள் போட்ட சட்டத்தில் ஓட்டை இருந்தது. வேகமாகச் சாப்பிட்டால் விமர்சனம் சீக்கிரம் முடிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பற்றிஸை மூன்றே கடியில் முடித்து, அவள் இரண்டாவது குறையின் நடுவில் நிற்கும்போது வெறும் தட்டைக் காட்டினேன். அவள் சட்டப்படி நிறுத்தினாள். சாப்பாட்டைத் தெரிவு செய்வது விமர்சகரின் உரிமை என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். அதற்கடுத்த வாரம் என் முன்னால் ஒரு முழுக் கொத்து ரொட்டி வந்து இறங்கியது.

கொழும்பில் முழுக் கொத்து என்பது இரண்டு பேர் சாப்பிடுவது. அதை வேகமாகச் சாப்பிட எவராலும் முடியாது.

அதிலிருந்து அத்தியாயத்தின் நிலைமையைத் தட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். பற்றிஸ் என்றால் பரவாயில்லை. அரைக் கொத்து என்றால் பாதியை மாற்ற வேண்டும். முழுக் கொத்து என்றால் அழித்துவிட்டு முதலிலிருந்து. அய்யே என்று நாங்கள் கூப்பிடும், பரிமாறுகிற சிங்கள அண்ணன் எங்கள் மேசைக்கு வரும்போதே என் முகத்தைப் பார்த்து, “நங்கி, அத கொத்துத?” என்று, தங்கச்சி இன்றைக்கும் கொத்தா எனப் பரிதாபமாகக் கேட்பார். நான் தலையைக் குனிவேன். உள்ளே ரொட்டியைக் கொத்தும் இரும்புத் தகடுகள் கல்லில் தடதடவென்று விழத் தொடங்கும். என் உவமைகளைத்தான் கொத்துகிறார்கள் என்று இருக்கும்.

விஷயம் குழுவுக்குக் கசிந்தது. தங்கள் கதைக்கும் அப்படியொரு விமர்சனம் வேண்டும் என்று ஆளுக்காள் ஆசை வந்தது. அன்ரியே ஒருநாள் கல்கிசையிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார். அவருடைய கதையில் கடத்தல்காரன் உட்பட எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிடுவார்கள். “எனக்குச் சீனி வருத்தம், பிள்ளை. ஒரு பிஸ்கட் காணும்” என்றார். ஒரு பிஸ்கட் அளவுக்குக் கொட்டாஞ்சேனைக்காரி பேசினாள்: மன்னிப்பதற்கு முதலில் யாராவது ஒரு குற்றம் செய்ய வேண்டாமா? அன்ரி மென்றுகொண்டே யோசித்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, தன் கைப்பையைத் திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தொடரும்படி கையால் காட்டினார்.

இதற்கிடையில் என் கடைசி அத்தியாயத்துக்கு நாள் நெருங்கியது. பௌர்ணமிப் போயா விடுமுறையில் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குழுவுக்கு வேண்டியது கல்யாணம், அதுவும் கடத்தல்காரனோடு. அவன் அழகன். ஆகவே கொண்டெய்னருக்குள் மல்லிகைப் பந்தல் போட்டு, சீரியல் விளக்குத் தொங்கவிட்டு, நடுவில் அவனைத் தாலியோடு நிறுத்தினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவளுக்கு அனுப்பினேன். “வாரும்” என்று மட்டும் பதில் வந்தது.

போனால் முழுக் கொத்து சொல்லியிருந்தாள். அய்யே வழக்கப்படி தட்டை என் முன்னால் வைத்தார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இண்டைக்கு நான் சாப்பிடுறன். நீர் முடிவைச் சொல்லும்.”

“வாசிச்சனீர்தானே?”

அவள் ஏற்கெனவே ஒரு வாய் அள்ளிப் போட்டுவிட்டாள்.

சொன்னேன். கதவு திறந்தது என்றேன். உள்ளே பூ என்றேன். அவன் தாலியை நீட்டினான், அவள் குனிந்தாள் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. எதிரில் இருந்தவள் ஒரு கரட் துண்டைத் தேடி எடுத்து மென்றாள். மல்லிகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னேன். அடுத்த வாய். நல்லதோ கெட்டதோ ஏதாவது சொல்லும்படி கெஞ்சினேன். உப்பிய கன்னத்தை விரலால் தட்டிக் காட்டினாள். வாய்க்குள் சாப்பாடு இருந்தால் பதில் இல்லை.

பேச்சில்லாத மேசையில் என்னால் இருக்க முடியாது. ஆகவே நானே தொடர்ந்தேன்.

“சரி, பூக்காரன் பாஸ் இல்லாம எப்பிடி உள்ள போனவன்?”

மென்றாள்.

“அதை விடும். இந்தப் பொம்பிளை முதல் அத்தியாயத்தில இருந்து ஒருத்தரிட்டயும் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடிக்கேல்லை. லஞ்சம் எண்டு சொல்லிடுவினம் எண்டு. இப்ப வந்து தாலியை வாங்குவாளா?”

அவள் மெல்வதை நிறுத்தவில்லை. ஆனால் முட்கரண்டியால் ஒரு கோழித் துண்டைக் குத்தி என் பக்கம் நீட்டினாள். அவள் எவருக்கும் கோழித் துண்டு கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் அதை வாங்கவில்லை. பேச வேண்டியது இன்னும் இருந்தது.

போயாவன்று அத்தியாயத்தைப் போட்டேன். கதவு திறக்கிறது. கொண்டெய்னர் வெறுமையாக இருக்கிறது. எவனோ முந்திவிட்டான். அவள் உள்ளே ஒருமுறை நடந்து பார்க்கிறாள், கதவைச் சாத்துகிறாள், புது முத்திரை வைக்கிறாள், அடுத்த கொண்டெய்னருக்குப் போகிறாள். மழை இல்லை.

கைபேசி மேசையில் நடுங்கத் தொடங்கியது. முதல் பதில் அன்ரியுடையது.

“ஒன்று, கதவு திறந்தது. இரண்டு, ஒருவரும் அழவில்லை. மூன்று, போயாவுக்கே போட்டுவிட்டாய். கருத்து: கல்யாணம் எங்கே மகள்?”

அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். ஒருத்தருக்குக் கோபம், ஒருத்தருக்கு ஏமாற்றம், இன்னொருத்தர் அடுத்த கொண்டெய்னரில் என்ன என்று அதட்டிக் கேட்டார். எல்லோரும் கருத்து எழுதியிருந்தார்கள். சிலர் மூன்று நல்லதையும் விட்டுவிட்டு நேரே கருத்துக்கே வந்திருந்தார்கள். அன்ரி அவர்களைக் கண்டிக்கவில்லை. ஒரு இதயமும் விழவில்லை. நான் கட்டிலில் ஏறி நின்று வாசித்தேன்.

கொட்டாஞ்சேனைக்காரியின் பதில் பின்னேரம்தான் வந்தது: “கருத்து: நேரில்.”

பற்றிஸா கொத்தா என்று உடனே கேட்டேன்.

“பற்றிஸ். ஆனா ஆறுதலா, மெள்ள மெள்ளச் சாப்பிடும்.”