ஒன்பது வளையம்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று நாற்பது. 'நகராத பொருளின் மீது எவ்வளவு விசை கொடுத்தாலும் செய்த வேலை பூஜ்யம்' என்று தங்கை அப்போதுதான் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தாள்.

அந்த ஒரு வரிக்காக அண்ணன் இருபது வருடம் அவளைக் கேலி செய்தவர். "டீச்சரம்மா, ஒருநாள் என் கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஆடாம நில்லு. அப்புறம் சொல்லு, பூஜ்யமா இல்லையான்னு."

"நீ சும்மா புடிச்சுக்கிட்டு நின்னா ஸ்பிரிங்குல ஒண்ணும் ஏறாதுண்ணா."

"அதுல ஏறாது, சரி. எனக்கு இறங்குதே!"

கிடங்குகளின் தூக்குக் கதவுகளுக்கு ஸ்பிரிங் முறுக்குவது அவர் தொழில். கதவுக்கு மேலே படுத்திருக்கும் அந்தத் தடித்த ஸ்பிரிங்கை இரும்புக் கம்பி செருகிச் சுற்றிச் சுற்றி ஏற்றி வைத்தால்தான், அத்தனை எடையுள்ள கதவை ஒரு கையால் தூக்க முடியும். தொடங்குமுன் ஸ்பிரிங்கின் நீளத்துக்கு நேராக ஒரு கோடு இழுப்பார். சாக்பீஸ் தங்கையின் கைப்பையிலிருந்து சுட்டது. ஒரு சுற்று முடிந்தால் அந்தக் கோடு ஒரு வளையமாகும். அவருக்குக் கணக்கு அதுதான். வீட்டில் வாய் ஓயாதவர், ஏணி ஏறினால் பேசமாட்டார். கம்பிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகவே மாட்டார். "நான் போட்ட பலமெல்லாம் உள்ள உக்காந்திருக்கு. கை நழுவினா மொத்தமா வெளிய வரும். யாரு எவருன்னு பாக்காது."

ஆஸ்பத்திரி வாசலில் கிடங்குக் காவலாளியம்மா தங்கையிடம் நடந்ததைச் சொன்னார். "ஒம்போதாவது சுத்துல மூஞ்சி வெளுத்துப் போச்சும்மா. நான் கீழ ஏணியைப் புடிச்சுக்கிட்டு கம்பிக்கு நேரா நிக்கறேன். 'அம்மா, செவுத்துப் பக்கம் போங்க. ஓடாதீங்க, நடங்க'ன்னாரு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கம்பி ஒரு நூல் நகரலை. கம்பிக்கு நெஞ்சை முட்டுக் குடுத்துக்கிட்டு, ஸ்பிரிங் திரும்பிடாம ஒத்தைக் கையால ஸ்க்ரூவை முடுக்கிட்டுத்தான் இறங்கினாரு. தண்ணி கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள மூச்சு நின்னு போச்சும்மா."

மாலையில் அண்ணனுடைய பையை எடுக்கத் தங்கை கிடங்குக்குப் போனாள். ஏணி அப்படியே நின்றது.

"நாளைக்கு வேற ஆளு வர்றாரு" என்றார் முதலாளி. "சுத்தினதை எல்லாம் இறக்கிட்டு, முதல்லேருந்து ஏத்தணுமாம்."

"இறக்க வேண்டாம்னு சொல்லுங்க. கோடு இருக்கு. எண்ணிப் பாத்துட்டு மேல சுத்தச் சொல்லுங்க."

முதலாளி நிமிர்ந்து பார்த்தபடி ஏணிப் பக்கம் நகர்ந்தார். தங்கை அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "நேரா நிக்காதீங்க சார்."

பிறகு தானும் பக்கவாட்டில் போய் நின்று, அண்ணாந்து எண்ணினாள். பதினான்கு வளையம் வேண்டிய கதவு. ஒன்பது இருந்தது.